போர் நடக்கும் நாட்டுக்குப் புறப்படும் முன்: உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரு வழிகாட்டி

திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வெல்டர்களும் ஃபிட்டர்களும் ஈராக்குக்கும் லிபியாவுக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். ராயபுரம், காசிமேடு பக்கத்து இளைஞர்கள் சரக்குக் கப்பல்களில் செங்கடலைக் கடக்கிறார்கள். வியாசர்பாடியில் குடியேறிய பர்மா தமிழர் குடும்பங்களுக்கு யாங்கூனிலும் மோல்மினிலும் இன்றும் உறவுகள் இருக்கின்றன. கல்யாணம், காரியம் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். இவர்களிடம் "அந்த நாட்டுக்குப் போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எவருக்கும் எளிது. கடனை அடைக்கவும் உறவைப் பார்க்கவும் போகிறவர் அந்த ஒரு சொல்லால் நின்றுவிடப் போவதில்லை என்பதால், போவதென்று முடிவு செய்துவிட்டவர் நலமாகப் போய் நலமாகத் திரும்ப என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

போர் நடக்கும் நாடு என்றதும் குண்டும் துப்பாக்கியும்தான் கண்முன் நிற்கின்றன. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதுதான். ஆனால் வெளியிலிருந்து போய் அங்கே மாட்டிக்கொள்பவரை முடக்கிப்போடுபவை பெரும்பாலும் வேறு: கெட்ட தண்ணீர், தீர்ந்துபோன சர்க்கரை மாத்திரை, மருந்தில்லாத மருத்துவமனை, இரவு நேரச் சாலை விபத்து, முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் பாஸ்போர்ட். இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சென்னையிலேயே வழி செய்துகொள்ள முடியும். விமானம் ஏறிய பிறகு முடியாது. ஆகவே புறப்படும் நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். அந்த ஏற்பாடுகளில் முதலிடத்தைத் திரும்பி வரும் வழிக்குக் கொடுங்கள்.

வேலையும் விசாவும் உண்மையானவையா

இந்திய வெளியுறவு அமைச்சகமும் அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகமும் வெளியிடும் பயண அறிவுரையை முதலில் படியுங்கள். சில நாடுகளுக்கு வெறும் எச்சரிக்கையோடு நிற்காமல் தடையே இருக்கிறது. ஏமனுக்கு அனுமதியின்றிச் செல்ல 2017ஆம் ஆண்டிலிருந்து இந்திய அரசின் தடை உள்ளது. மீறிப் போனால் பாஸ்போர்ட் முடக்கப்படலாம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வைத்திருக்கும் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்புள்ள) பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்வதென்றால் 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி பெற்றாக வேண்டும். ஈராக், லிபியா, லெபனான், சிரியா, சூடான், தெற்கு சூடான், ஏமன், ஆப்கானிஸ்தான் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த அனுமதியை வீண் அலைச்சல் என்று நினைத்துச் சுற்றுலா விசாவில் ஆளை அனுப்பிவைக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அப்படிச் செல்பவரின் பெயர் எந்த அரசு ஏட்டிலும் வேலைக்குப் போனவராகப் பதிவாகாது. போர் மூண்டு ஆட்களைத் தேடும்போது அவர் இருப்பதே தெரியாமல் போகும். ஏஜென்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வேலைக்குச் செல்பவரிடமிருந்து 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். அவர் தரத் தயங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. அனுமதி பெற்றுச் செல்பவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ பத்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய இதற்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் கட்டணம்.

செல்லும் நாடு போர் நாடாக இல்லாவிட்டாலும் கொண்டுபோய் நிறுத்தும் இடம் போர்க்களமாக இருக்கலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022ஆம் ஆண்டில் அவர்களில் ஒரு பகுதியினர் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டது குறித்து 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. வேலை நடக்கும் ஊரின் பெயர், நிறுவனத்தின் பெயர், சம்பளம், திரும்பும் பயணச் செலவு யாருடையது என்ற நான்கும் எழுத்தில் இல்லாத வேலைக்குப் பெட்டி கட்டாதீர்கள்.

கப்பல் வேலைக்குச் செல்பவர்களுக்குச் சட்டம் வேறு. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் (மாலுமிகளை வேலைக்குச் சேர்த்துவிடுவதற்கான உரிமம்) உள்ள நிறுவனத்தின் மூலம் மட்டுமே சேர வேண்டும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற கப்பலை ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் கடத்தினார்கள். அதன் மாலுமிகள் 2025 ஜனவரியில்தான் விடுவிக்கப்பட்டார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்ட கப்பல்களில், போர் நடக்கும் கடல் என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் செல்ல மறுக்கும் உரிமை மாலுமிக்கு உண்டு. மறுப்பவரை நிறுவனம் தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கப்பல் அந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழி

சண்டை தொடங்கியதும் முதலில் மூடப்படுவது விமான நிலையம். 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் சண்டை வெடித்தபோது கார்ட்டூம் விமான நிலையமே தாக்குதலுக்கு உள்ளானது. அங்கிருந்த இந்தியர்கள் ஏறக்குறைய 850 கிலோமீட்டர் பேருந்தில் சென்று போர்ட் சூடானை அடைந்து, அங்கிருந்து கடற்படைக் கப்பலிலும் விமானப்படை விமானத்திலும் சவுதியின் ஜெட்டாவுக்குப் போய், அதன் பிறகே நாடு திரும்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் காவேரி என்று பெயர். 2025 ஜூனில் ஈரானின் வான்வழி மூடப்பட்டபோது இந்திய மாணவர்கள் தரை வழியாக ஆர்மீனியாவுக்குள் நுழைந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். 1990இல் குவைத்திலிருந்து தப்பியவர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டானின் தலைநகர் அம்மான் வரை போன பிறகுதான் விமானத்தைக் கண்டார்கள்.

ஆகவே போவதற்கு முன்பே வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, விமானம் இல்லாவிட்டால் எந்த எல்லை அல்லது எந்தத் துறைமுகம் பக்கம், அங்கே போக எத்தனை மணி நேரம், அடுத்த நாட்டுக்குள் நுழைய என்ன விசா வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஒரு பிரதியும் இருக்கட்டும்.

வழி தெரிந்திருப்பதைவிடக் கடினமானது, எப்போது கிளம்புவது என்ற முடிவு. "இன்னும் ஒரு மாதச் சம்பளம் வரட்டும்", "எல்லாரும் இருக்கிறார்களே" என்று தள்ளிப்போடும் மனம் எல்லாருக்கும் வரும். அந்த மனத்தோடு அந்த நேரத்தில் வாதாடி வெல்ல முடியாது. இங்கே வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே, என்னென்ன நடந்தால் கேள்வி கேட்காமல் கிளம்பிவிடுவேன் என்று எழுதி, மனைவியிடமோ அண்ணனிடமோ ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். தூதரகம் வெளியேறச் சொன்னால், வெளிநாட்டு விமான நிறுவனங்கள் சேவையை நிறுத்தினால், வங்கியில் பணம் எடுக்க வரம்பு விதித்தால், பெட்ரோலுக்கு வரிசை நின்றால், முகாமில் உள்ள மற்ற நாட்டார் கிளம்பினால் என்று அந்தப் பட்டியல் அமையலாம். அவற்றில் இரண்டு நடந்துவிட்டாலே கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து. சண்டைக்கு முந்தைய வாரத்தில் பயணச்சீட்டு வாங்கி வரும் வழி, சண்டைக்கு அடுத்த வாரத்தில் எந்தப் பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

பாஸ்போர்ட் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது பல நாடுகளில் நடக்கிறது. கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குங்கள், விசா முத்திரை முடிந்த மறுநாளே திரும்பக் கேளுங்கள். கார்ட்டூமில் விசாவுக்காக வெளிநாட்டுத் தூதரகங்களில் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தவர்கள், அந்தத் தூதரகங்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டதால் கையில் ஒன்றுமில்லாமல் தவித்தார்கள். பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி அட்டை, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் ஒரு கோப்பிலும், உங்கள் மின்னஞ்சலிலும், துணிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையிலும் இருக்கட்டும்.

பணமும் அப்படியே. போர் வந்தால் வங்கி அட்டை வெறும் அட்டையாகிவிடும். டாலர் தாள்தான் பேசும். எல்லா டாலர் தாளும் பேசாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மியான்மரிலும் தெற்கு சூடானிலும் நடுவில் மடிப்பு விழுந்த தாள், ஓரத்தில் பேனாக் கோடு பட்ட தாள், பழைய வரிசைத் தாள் ஆகியவற்றை வாங்க மறுப்பார்கள் அல்லது மதிப்பைக் குறைப்பார்கள். 2013ஆம் ஆண்டுக்குப் பிந்தைய, நீலப் பட்டை ஓடும் நூறு டாலர் தாள்களையும், சில்லறைக்குச் சில ஐந்து, பத்து டாலர் தாள்களையும் அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில் ரசீதோடு வாங்கி, மடிக்காமல் ஒரு தடித்த உறைக்குள் வையுங்கள். பாரிமுனையில் ரசீதின்றி மாற்றித் தருபவர் ஒரு ரூபாய் குறைத்துத் தருகிறார் என்று போகாதீர்கள். கள்ளத்தாள் என்பது அங்கே போய்த் தெரிந்தால் யாரிடமும் முறையிட முடியாது. ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர் வரையும், ஈராக், லிபியா செல்பவர்கள் 5,000 டாலர் வரையும் தாளாக வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வாங்கியதை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயர், தங்குமிடம், கைப்பேசி எண் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். வீட்டாரோடு பேசும் நேரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, தொடர்ந்து இரண்டு நாள் சத்தமில்லை என்றால் யாரை அழைப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரம் என்ற உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை இந்தியாவுக்குள்ளிருந்து 1800 309 3793 என்ற எண்ணில் அழைக்கலாம். எழுத்துவழிப் புகாருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுப்பவர்கள் போர், கலவரம் ஆகியவற்றால் வரும் காயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும்.

தடுப்பூசிகள்

தெற்கு சூடான், காங்கோ போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். வடசென்னைவாசிகளுக்கு அருகில் இருப்பது ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம். கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்திலும் போடுகிறார்கள். தெரு மருந்தகத்திலோ சாதாரண கிளினிக்கிலோ போட்டுக்கொண்டால் செல்லாது. ஊசி குறிப்பிட்ட நாட்களில் முன்பதிவின்படி போடப்படுவதால் முன்கூட்டியே விசாரித்து, பாஸ்போர்ட்டோடு செல்லுங்கள். போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் செல்லும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்புபவரை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் போன்ற போலியோ பரவும் நாடுகளுக்குச் செல்பவர்கள், பெரியவர்களாக இருந்தாலும், புறப்படுவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே போலியோ சொட்டு மருந்து போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாக முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால் வேலை தேடத் தொடங்கும்போதே அதைத் தொடங்கிவிடலாம். ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு, கடைசி ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் டெட்டனஸ், சூடான் போன்ற நாடுகளுக்கு மூளையுறைக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரேபிஸ் தடுப்பூசியை நம்மவர்கள் நாய் கடித்த பிறகு போடும் ஊசியாகவே நினைக்கிறார்கள். போர் நடக்கும் ஊரில் தெரு நாய்கள் பெருகும், ஊசி கிடைக்காது. போகும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொள்வது அறிவுடைமை.

பல் மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். சொத்தைப் பல் நள்ளிரவில் வீங்கும்போது ஊரடங்கு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்துப் பெட்டி

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, காசநோய் என்று தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், தங்கும் காலத்துக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு எடுத்துச் செல்ல வேண்டும். அதில் பாதி கைப்பையிலும் பாதி பெட்டியிலும் இருக்கட்டும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மருந்தின் பொதுப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சீட்டை மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மாதாமாதம் மருந்து வாங்குபவர்கள், வெளிநாடு போகிறேன் என்று சொல்லிக் கூடுதலாகத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் மீதியை வெளியில் வாங்கியாவது எடுத்துச் செல்லுங்கள்.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமானத்தில் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அதை வைத்தால் உறைந்து கெட்டுவிடக்கூடும். கைப்பையில்தான் வைக்க வேண்டும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவதை, வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வைக்கலாம். மின்சாரம் இல்லாத ஊரில் பெரிய மண்சட்டிக்குள் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மருந்தை நீர் புகாத உறையில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரச் சாக்கை மூடி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். மணல் காயும்போதெல்லாம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈராக், சூடான் போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். தெளிந்திருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ திரிதிரியாகத் தெரிந்தாலோ போடாதீர்கள்.

இங்கே சாதாரணமாகக் கிடைப்பது வேறு நாட்டில் குற்றமாகலாம். டிராமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. குருமாவுக்குப் போடும் கசகசா துபாயிலும் சவுதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். ஈராக்குக்கோ சூடானுக்கோ செல்பவர் துபாய் வழியாக மாறிச் செல்லும்போது, அம்மா பாசத்தோடு அரைத்துக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தால் சிறை செல்ல நேரிடும். வீட்டில் பெட்டி கட்டுபவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இவற்றோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பாராசிட்டமால், கிருமிநாசினிக் களிம்பு, அகலமான கட்டுத்துணி, கத்தரி, குளோரின் மாத்திரை, கொசுவலை, இரண்டாவது மூக்குக்கண்ணாடி ஆகியவை போதும். இரத்த வகையையும் ஒவ்வாமையையும் எழுதிய அட்டை பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.

தண்ணீர், கொசு, வெயில்

ஏமனிலும் சூடானிலும் காலரா பெருகியதற்குக் காரணம், நீரேற்று நிலையங்களும் கழிவுநீர் வடிகால்களும் போரில் செயலிழந்ததுதான். குழாயில் வருவது தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து நம்பாதீர்கள். கொப்புளம் விட்டுக் கொதிக்கும் தண்ணீரை மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். எரிபொருள் இல்லையென்றால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். ஐஸ் கட்டி வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அது இல்லாவிட்டால் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்க வேண்டும்.

மலேரியா நமக்குப் புதிதா என்று கேட்பவர்கள் தண்டையார்பேட்டையிலும் பேசின் பிரிட்ஜிலும் உண்டு. சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. காங்கோவிலும் தெற்கு சூடானிலும் மிகுந்திருப்பது ஃபால்சிபாரம். அது சில நாட்களில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கும். அங்கே செல்பவர்கள் தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளினாக இருந்தால் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். யாருக்கு எந்த மாத்திரை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று ஈராக்கின் பாஸ்ராவில் தைரியம் கொள்ளாதீர்கள். கோடையில் 50 டிகிரியைத் தொடும் அந்த வறண்ட காற்றில் வியர்வை தோலில் தெரியாமலே ஆவியாகிவிடும். தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும்.

சாலையும் சோதனைச் சாவடியும்

இரவில் பயணம் வேண்டாம். இருக்கைப் பட்டை இல்லாத வண்டியில் ஏற வேண்டாம். ராணுவ வாகனத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டிச் செல்ல வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் ராணுவப் புள்ளி போட்ட பேன்ட், பச்சை நிறத் தொப்பி, அதே நிறப் பை ஆகிய எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் போராளியாகத் தெரிவீர்கள்.

சாவடி தெரிந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்து, இரவானால் முன்விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இரு கைகளும் தெரியும்படி உட்காருங்கள். கைப்பேசியைக் கையில் வைத்திருக்கக் கூடாது. எதையாவது எடுக்க வேண்டுமென்றால் என்ன எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். கேட்டதற்கு மட்டும் பணிவாகப் பதில் சொல்லுங்கள். எந்தத் தரப்பு நல்லது என்ற பேச்சுக்கு வாயைத் திறக்காதீர்கள். சிப்பாய்கள், பாலங்கள், விமான நிலையம், புகை எழும் கட்டடம் ஆகியவற்றைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பும் ஆசை பலரைச் சிறைக்குக் கொண்டுபோயிருக்கிறது. மியான்மரில் சாவடிகளில் கைப்பேசியைத் திறந்து பார்ப்பது வழக்கம், அனுமதியில்லாத வி.பி.என். (இணையத் தடையைத் தாண்ட உதவும்) செயலி இருந்தாலே சிக்கல். வாட்ஸ்அப் குழுக்களில் யாரோ அனுப்பிய போர்க் காட்சிகளைப் புறப்படும் முன்பே அழித்துவிடுங்கள். டிரோனும் சாட்டிலைட் போனும் கூடவே கூடாது. பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோ ஒன்று இருக்கட்டும். இணையம் துண்டிக்கப்படும் நாளில் அது உதவும்.

குண்டுவீச்சு, கண்ணிவெடி, காயம்

சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடிப் பார்ப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. நிலவறை இருந்தால் அங்கே போங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் இரண்டு சுவராவது இருக்கும்படி, ஜன்னல் இல்லாத உள்கூடத்திலோ நடையிலோ சுவரையொட்டித் தரையில் படுங்கள். முதல் சுவர் குண்டின் வேகத்தை வாங்கும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும். வெளியில் மாட்டிக்கொண்டால் ஓடாமல், பள்ளத்திலோ சாக்கடை ஓரத்திலோ குப்புறப் படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். சத்தம் நின்றதும் அந்த இடத்துக்குக் கூட்டமாகப் போகாதீர்கள். அதே இடத்தில் மீண்டும் விழுவது உண்டு. மின்சாரம் போன நேரத்தில் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ அறைக்குள் வைக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள மணமில்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கண்ணிவெடி, போர் ஓய்ந்த பிறகும் காத்திருக்கும். இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. வடக்கில் முகமாலை போன்ற இடங்களில் வெடியகற்றும் வேலை அதன் பிறகு பல ஆண்டுகள் நீண்டது. 2023ஆம் ஆண்டில் உலகிலேயே கண்ணிவெடிக்கு மிக அதிகம் பேர் பலியானதும் காயமுற்றதும் மியான்மரில்தான். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையும் சிவப்புச் சாயம் பூசிய கல்லும் எச்சரிக்கைகள். ஆள் நடமாட்டம் உள்ள தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், ஒன்றுக்குப் போவதற்குக்கூட. புல் மண்டிய பாதை, கைவிடப்பட்ட வீடு, வெள்ளம் வடிந்த வயல் ஆகியவற்றுக்குள் போக வேண்டாம். வெள்ளம் வெடியை இடம் மாற்றிவிடும். தரையில் கிடக்கும் எந்த உலோகப் பொருளையும் தொடாதீர்கள். தெரியாமல் உள்ளே வந்துவிட்டோம் என்று பட்டால் அந்த நொடியே நில்லுங்கள், கூட வருபவர்களை உரக்க நிறுத்துங்கள். வந்த காலடித்தடம் தெளிவாகத் தெரிந்தால் அதன் மேலேயே பின்னோக்கி வரலாம்; தெரியாவிட்டால் எத்தனை மணி நேரமானாலும் அசையாமல் உதவிக்குக் காத்திருக்க வேண்டும்.

குண்டுக் காயத்தில் பலர் சாவது இரத்தம் வடிவதால்தான், அது சில நிமிடங்களில் நடந்துவிடும். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உங்கள் முழு எடையோடு அழுத்துங்கள்; துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். கையிலோ காலிலோ பட்ட காயத்தில் அப்படியும் நிற்காமல் பீறிட்டால் இறுக்குக் கட்டு போட வேண்டும். மூன்று விரல் அகலத்துக்கு மடித்த துணியைக் காயத்துக்கு நான்கு விரல் மேலே, முழங்காலும் முழங்கையும் படாமல் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் உறுதியான குச்சியை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, இரத்தம் நிற்கும் வரை குச்சியைத் திருகி, திரும்பாதபடி கட்டுங்கள். கடுமையாக வலிக்கும், வலிக்கிறதென்று தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியிலோ துணியிலோ எழுதி, மருத்துவர் பார்க்கும் வரை அப்படியே விடுங்கள். கம்பி, கயிறு போன்ற மெல்லியவை தசையை அறுத்துவிடும். உடம்பில் பாய்ந்து நிற்கும் எதையும் பிடுங்காதீர்கள். இதைப் படித்தால் மட்டும் கை வராது. வீட்டில் துண்டையும் மரக்கரண்டியையும் வைத்துத் தம்பியின் கையில் கட்டிப் பழகுங்கள். பழகும்போது மட்டும் முழுவதும் இறுக்க வேண்டாம்.

திரும்பிய பிறகு

மலேரியா மாத்திரையை ஊர் வந்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதீர்கள். திரும்பிய ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் ஸ்டான்லியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஆப்பிரிக்காவில் ஆற்றிலோ ஏரியிலோ குளித்திருந்தால், சிறுநீரில் இரத்தம் தெரியும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டாருக்கு ஒன்று. நம் தெருக்களில் சாவு ஊர்வலம் போனாலே பட்டாசு வெடிக்கும். குண்டுச் சத்தத்துக்குள் இருந்து வந்தவர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு உட்கார்ந்தாலோ, இரவில் அலறி எழுந்தாலோ, யாரோடும் பேசாமல் இருந்தாலோ அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யாதீர்கள், மந்திரிக்க மட்டும் அழைத்துப் போய் நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். முதல் சில வாரங்களில் இது பலருக்கும் வந்து தணிந்துவிடும். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கமின்மையும் கெட்ட கனவும் தொடர்ந்தால், குடியில் இறங்கினால், சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும், காலம் தாழ்த்தாமல் ஸ்டான்லியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.